மேய்ப்பரைக் காப்பவர் யார்?

கிறித்துவ சபையின் போதகரை மேய்ப்பர் என்றும் சபையாரை மந்தை என்றும் வழங்குவது அச்சமயத்தாரின் தொன்மையான மரபாகும். மந்தையைக் காப்பவர் மேய்ப்பர் எனின், அம்மேய்ப்பரின் ஆன்மாவைக் காப்பவர் யார்? இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தவருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு ரிச்சர்ட் பாக்ஸ்டர் (1615-1691).

நெசவாளர் மிகுந்த கிட்டர்மின்ஸ்டர் நகரில் அவர் போதகராயிருந்தார். 1656-இல் தம்மையொத்த போதகர்க்கென அவர் வெளியிட்ட 'சீர்திருந்திய மேய்ப்பர்' என்னும் நூல், எபேசு நகர மூப்பர்க்குப் பவுல் கூறிய அறிவுரையின் விளக்கமாகும். முதலில் தம்மையும், அடுத்து மந்தையையும் கவனிக்குமாறு அவ்வறிவுரை பணிக்கின்றது. இம்முறைவைப்பே நூலின் உயிர்நாடி. பிறர்க்குப் போதிப்பதைப் போதகர் முன்னதாகத் தம் நெஞ்சுக்குப் போதித்தல் வேண்டும். இன்றேல், அது வெறும் 'ஊருக்கு உபதேசம்' ஆகிவிடும். அவருள்ளத்து வறட்சி சபையையும் பற்றும்.

மந்தையைக் கவனிப்பதற்கு மேடைப் பிரசங்கம் மட்டும் போதாது என்பது பாக்ஸ்டரின் துணிபு. திங்கள், செவ்வாய் ஆகிய இருநாளும் வினாவிடை வழியே குடும்பங்களுக்குத் தனித்தனியே போதிக்கும் முறையை அவர் மேற்கொண்டார். வாரத்திற்கு 15 அல்லது 16 குடும்பங்களாக, 800-க்கு மேற்பட்ட குடும்பங்களை ஓராண்டில் கண்டுவிடுவது திட்டம். பத்தாண்டுப் பிரசங்கம் தராத தெளிவைச் சிலர் அரைமணி உரையாடலில் பெற்றனர் என்பது அவர் கண்ட அனுபவம்.

நேருக்கு நேர் அமர்ந்து பேசுங்கால் சொல்வன்மை துணைசெய்யாது; போதகரின் உள்ளமே அங்குப் பேசும். ஆதலின் தம்மைக் காவாதவர் மந்தையைக் காத்தல் அரிது.