ஏரிக்கு உழைத்தால் உழவருக்கு என்ன லாபம்?

"ஏரி வேலைக்குப் போனால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்கும் உழவர் உண்டு. கேள்வி நியாயமானதே.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, ஆண்டு கி.பி. 919, 921. குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. பதவிக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் பிறகு பொறுப்புக்கு வர முடியாது. ஊர்ப்பணியில் நாணயத்துக்கு அன்று அத்தனை மதிப்பு!

ராஜகுளம் போன்ற ஊர்களில் இன்றும் நாம் செய்ய வேண்டியது இதுதான். வரத்துக் கால்வாயில் மண்டிய சீமைக் கருவேலை அகற்றினால் ஏரிக்குத் தண்ணீர் தடையின்றி வரும். பாசனக் கால்வாயைத் தூர் வாரினால் கடைமடைக்கும் தண்ணீர் எட்டும். உங்கள் வயல் கடைமடையில் இருந்தால் முதல் லாபம் உங்களுக்கே. வருவாய்த் துறை அனுமதியுடன் எடுக்கும் வண்டல், மணற்பாங்கான நிலத்தில் ஈரத்தைக் காக்கும்.

இன்னொரு பலனும் உண்டு. சேர்ந்து மண்வெட்டி பிடித்தவர்களிடையே மடைத் தகராறு குறையும். தண்ணீருக்கு முறை வைக்கும்போது உங்கள் சொல் எடுபடும்.

ஆகவே, உழவர் பெருமக்களே, ஆடியிலேயே வேலையைத் தொடங்குங்கள். ஐப்பசி மழை இறங்கிய பின் மண்வெட்டி எடுத்துப் பயனில்லை. வேலை முடிந்ததும் வரவு செலவை ஊரறியப் படித்துக் காட்டுங்கள்.