பனை தறித்தலும் பயிர் காக்கும் பறவைகளும்

அச்சுவேலிப் பகுதியில் தோட்டங்களையும் நெல்வயல்களையும் அடுத்துப் பனங்கூடல்கள் நிற்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காடு எனத்தக்கது பெரும்பாலும் இப்பனங்கூடலேயாகும். 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போது காவலரண்களுக்காகவும் எறிகணை வீச்சினாலும் எண்ணிறந்த பனைகள் அழிந்தன. இன்றும் வீட்டுமனைக்காகவும் மரத்துக்காகவும் பனைகள் தறிக்கப்படுகின்றன.

பனை குறையின் பறவையும் குறையும். பனை உழவாரன் தன் சிறு கூட்டைப் பனையோலையின் கீழ்ப்புறத்தில் ஒட்டி அமைக்கின்றது. தொங்கும் ஓலையில் தூக்கணாங்குருவி கூடு பின்னுகின்றது. பட்ட பனையில் மரங்கொத்தி குடையும் பொந்திற் பின்னர் மைனாவும் சிறு ஆந்தையும் குடியேறுகின்றன.

இவற்றாற் கமக்காரர் பெறும் நன்மை யாது? கூகை இரவில் எலிகளைப் பிடிக்கின்றது. கரிச்சானும் மைனாவும் புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் உண்கின்றன. தூக்கணாங்குருவி நெல்மணியைக் கொறிப்பினும் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் ஊட்டுகின்றது. எனவே பறவைகள் நீங்கிய இடத்தில் எலியையும் புழுவையும் அடக்கும் செலவு கமக்காரர் தலையிலேயே விழும்.

கமக்காரர் செய்யத்தக்கவை:

1. பனங்கூடலை ஒருசேர வெறுமையாக்காது, முதிர்ந்த மரங்களை இடையிட்டுத் தறித்தல். கூடுள்ள மரத்தைக் குஞ்சுகள் பறக்கும்வரை விட்டுவைத்தல்.

2. தென்னைக்கு எட்டத்தில் நிற்கும் பட்ட பனை ஒன்றிரண்டை விட்டுவைத்தல். வீழ்ந்து உக்கும் குற்றிகளை அகற்றுதல். அவற்றிற் காண்டாமிருக வண்டு பெருகும்.

3. நெல்வயலிற் கரிச்சான் அமர்வதற்குத் தடிகள் நாட்டுதல். கதிர் முற்றுமுன் அவற்றை அகற்றுதல்.

4. தறித்த பனைக்கு ஈடாக மாரிக்கு முன் பனம்விதை ஊன்றுதல்.

1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பெண்பனையைத் தறிக்க அனுமதி பெறல் வேண்டும். வடலி வளர்ந்து பயன்தர 12 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆதலின் விதை ஊன்றுதலைப் பிற்போடலாகாது.