கந்தக பேட்டரிக்கு ஒரு கரிப்பூச்சு

பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகம் உபரியாக மலைமலையாகக் குவிகிறது. விலையும் குறைவு. அதை ஒரு முனையிலும் லித்தியத்தை மறுமுனையிலும் வைத்துச் செய்யும் பேட்டரியில், ஏட்டுக்கணக்குப்படி கிலோவுக்குச் சுமார் 2,600 வாட்-மணி ஆற்றல் அடங்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வந்தாலே, இன்றைய கார்களிலுள்ள லித்தியம் அயனி பேட்டரியைத் தாண்டிவிடலாம். 2010-ல் ஸெஃபிர் என்ற ஆளில்லாச் சூரியசக்தி விமானம் தரையிறங்காமல் 14 நாள் பறந்தது. இரவு நேரங்களில் அதற்கு மின்சாரம் தந்தது இந்த வகை பேட்டரிதான்.

ஆனால் ஆயுள் போதாது. மின்சாரம் தரும்போது கந்தகம் ஒரேயடியாக லித்தியம் சல்ஃபைடு ஆவதில்லை. நடுவில் பாலிசல்ஃபைடு எனும் சேர்மங்களாகி மின்பகுளியில் கரைந்து, லித்தியம் பக்கம் போய் வினைபுரிகிறது. அதில் கொஞ்சம் அங்கேயே படிந்து வீணாகிறது. மீதி இங்கும் அங்குமாக அலைந்து சார்ஜைத் தின்கிறது.

இரு முனைகளுக்கும் நடுவே இருப்பது பிரிப்பான். வழக்கமாக 25 மைக்ரான் தடிமனுள்ள பாலிபுரொப்பிலீன் தாள். அதன் துளைகள் பல பத்து நானோமீட்டர் அகலம். பாலிசல்ஃபைடோ ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். யானை நுழையும் வாசலில் எறும்பை மறிக்க முடியுமா? ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். 'எச்' வடிவக் கண்ணாடிக் குழாயின் நடுவே தாளைப் பொருத்தி, ஒரு பக்கம் செம்பழுப்பான பாலிசல்ஃபைடு கரைசலையும் மறுபக்கம் நிறமற்ற கரைப்பானையும் ஊற்றுவார்கள். வெறும் தாள் என்றால் சில மணி நேரத்தில் மறுபக்கமும் மஞ்சளாகி, பிறகு பழுப்பேறும்.

மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்து, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணிபுரிபவர் ஆறுமுகம் மந்திரம். 2019-ல் நோபல் பரிசு பெற்ற லித்தியம் பேட்டரி ஆய்வாளர் ஜான் குடினஃபுக்குப் பதிலாக நோபல் உரையை நிகழ்த்தியவர். இந்தக் கசிவைத் தடுக்க அவரது குழு 2012-ல் கந்தகத்துக்கும் பிரிப்பானுக்கும் நடுவே நுண்துளைக் கரித்தாள் ஒன்றைச் செருகிப் பார்த்தது. 2014-ல் தனித்தாளும் வேண்டாமென்று, பிரிப்பானின் கந்தகப் பக்கத்திலேயே கரியைப் பூசிவிட்டார்கள். சதுர செ.மீ.க்கு 0.2 மில்லிகிராம்தான். கரி பாலிசல்ஃபைடைப் பிடித்து வைக்கிறது. அதைவிட முக்கியம், அது மின்சாரத்தையும் கடத்துவதால் பிடிபட்ட கந்தகம் அடுத்த சுற்றில் மறுபடி வேலைக்கு வருகிறது. வெறும் தடுப்பாக இருந்திருந்தால் கந்தகம் அங்கேயே முடங்கிப்போயிருக்கும்.

நஃபியான் எனும் பாலிமர் பூச்சின் வழி வேறு. அதிலுள்ள எதிர்மின்னூட்டம், தன்னைப் போலவே எதிர்மின்னூட்டம் கொண்ட பாலிசல்ஃபைடைத் தள்ளிவிட்டு லித்தியம் அயனிக்கு மட்டும் வழிவிடும். உலோக ஆக்சைடுகள், நுண்கூண்டு போன்ற உலோக-கரிமச் சட்டகங்கள் என்று முயற்சிகள் நிறைய.

எனக்கு இவற்றில் கரிதான் நடைமுறைக்கு நெருக்கமாகப் படுகிறது. மலிவு, பூசுவதும் சுலபம். ஆனாலும் பிரிப்பானை மட்டும் திருத்தினால் போதாது. லித்தியத்தில் ஊசி ஊசியாக முளைக்கும் படிகங்கள் தனிப் பிரச்சினை. பொத்தான் அளவு சோதனைக் கலத்தில் மின்பகுளியைத் தாராளமாக ஊற்றினால் எந்தப் பூச்சும் நன்றாகவே வேலை செய்வதுபோலத் தோன்றலாம். ஆகவே ஒரு புதிய பூச்சு ஆயிரம் சுழற்சி தாங்கியது என்று செய்தி வந்தால், பூச்சு எவ்வளவு கனம், மின்பகுளி எவ்வளவு ஊற்றினார்கள் என்று கேளுங்கள்.