நிலவறை இல்லாத வீட்டில் ஒரு திராட்சை மதுப் போத்தல்

2016ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த எங்கள் பெரிய மாமா, ஒரு வெள்ளிக்கிழமை இரவு பாலத்தைக் கடந்து வீட்டிற்கு வந்தபோது, அப்பாவின் கையில் ஒரு போத்தல் சிவப்புத் திராட்சை மதுவைக் கொடுத்தார். "மாப்பிள்ளை, இதை இப்பத் திறக்காதீங்க. என் மருமக பட்டம் வாங்குற அன்னைக்குத் திறப்போம். பழசாக ஆகத்தான் இதுக்கு மதிப்பு" என்றார். அப்போது அக்காள் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா குடிப்பழக்கம் இல்லாதவர். தாத்தாவின் தோட்டச் சம்பளம் கள்ளுக்கடை வழியாகத்தான் வீட்டிற்கு வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தப் போத்தலை அவர் போற்றிப் பாதுகாத்தார். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், எங்கள் பரிசுக் கிண்ணங்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துப் பூட்டினார். வீட்டில் ஒருவர் பட்டம் பெறப்போகிறார் என்பதற்கு அது அடையாளமாக நின்றது.

2024இல் அக்காள் பட்டம் பெற்றாள். மாமாவும் வந்திருந்தார். போத்தலைத் திறந்தபோது தக்கை பாதியில் நொறுங்கியது. ஊற்றியதோ சிவப்பாக இல்லை; ஆறிப்போன தேநீரின் நிறத்தில் இருந்தது. புளித்த வாடை அடித்தது. யாரும் குடிக்கவில்லை. அப்பா அதைக் கழுவு தொட்டியில் ஊற்றிவிட்டு, "கண்ணாடி அலமாரியிலதானே பூட்டி வச்சிருந்தேன். எப்படிக் கெட்டுப்போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. இது மது அருந்தச் சொல்லும் கட்டுரையன்று. மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயது நிறைந்தவர்களுக்கே மது விற்கலாம் என்பதையும், நம் சமுதாயத்தில் குடி எத்தனைக் குடும்பங்களைக் குலைத்தது என்பதையும் மறந்துவிட்டு எழுதவில்லை. வெப்பநாட்டு வீட்டில் ஒரு பொருளை நெடுநாள் வைத்திருப்பது என்றால் என்ன என்பதை இந்தப் போத்தலை முன்வைத்துப் பார்ப்போம்.

கெடுப்பவை நான்கு

திராட்சை மது போத்தலில் அடைக்கப்பட்ட பிறகும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதன் நிறமும் துவர்ப்பும் மணமும் மெல்ல மெல்ல வேறு வடிவம் பெறுகின்றன. மாற்றம் மெதுவாக நடந்தால் அதை 'முதிர்ச்சி' என்கிறோம். விரைந்து நடந்தால் 'கெட்டுப்போனது' என்கிறோம். இம்மாற்றத்தை விரைவுபடுத்துபவை நான்கு.

முதலாவது, வெப்பம். திராட்சை மதுவை வைக்க ஏற்றது ஏறக்குறைய 12, 13 பாகை செல்சியஸ் என்பது பொதுவான கணக்கு. வெப்பம் 10 பாகை கூடும்போது வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று வேதியியல் வகுப்பில் படித்திருப்போம். எங்கள் வரவேற்பறையில் ஒரு வாரம் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். விடியற்காலையில் 27 பாகை. பிற்பகல் மூன்று மணிக்கு 33. சராசரி 29 என்று வைத்துக்கொண்டாலும் இருக்க வேண்டியதைவிட 16 பாகை கூடுதல். அதாவது மாற்றம் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். அலமாரியில் இருந்தது எட்டு ஆண்டு. போத்தலுக்குள் நடந்ததோ இருபத்து நான்கு ஆண்டுக்கான மூப்பு! இதுவும் குறைவான கணக்கே. குளிரில் தலைகாட்டாத சில வினைகள் வெப்பத்தில் முந்திக்கொள்ளும். அதனால்தான் வெந்த பழத்தின் வாடை வருகிறது.

இரண்டாவது, வெப்பத்தின் ஏற்ற இறக்கம். திரவம் சூடேறினால் விரியும், ஆறினால் சுருங்கும். 750 மில்லிலிட்டர் போத்தலில் 6 பாகை வேறுபாட்டிற்கு ஒரு மில்லிலிட்டருக்குச் சற்று மேல் விரியும். சிறு அளவுதான். ஆனால், போத்தலின் கழுத்தில் இருக்கும் காற்றிடமும் சிறியதே. பகலில் அந்தக் காற்று நெருக்கப்பட்டுத் தக்கையை அழுத்துகிறது. இரவில் தளர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கப் பார்க்கிறது. ஒரு நாளைக்கு ஒருமுறை என்றாலும் எட்டு ஆண்டில் 2,900 முறைக்கு மேல். தக்கை ஏன் நொறுங்கியது, நிறம் ஏன் தேநீராயிற்று என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. உள்ளே புகுந்த உயிர்வளி நிறத்தைப் பழுப்பாக்கியது, புளிப்பையும் கூட்டியது.

மூன்றாவது, ஒளி. புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் மதுவில் கந்தக வாடையை உண்டாக்கும். வெளிர்நிறக் கண்ணாடியில் உள்ள வெள்ளை மது விரைவில் பாதிக்கப்படும். பச்சைக் கண்ணாடியில் உள்ள சிவப்பு மது சற்றுத் தாங்கும். எங்கள் அலமாரியின் உள்ளேயே ஒரு குழல் விளக்கு இருந்தது. பண்டிகைக் காலத்தில் இரவு முழுதும் எரியும்.

நான்காவது, ஈரப்பதம். காற்று வறண்டால் தக்கை சுருங்கும். அதனால்தான் போத்தலைப் படுக்க வைத்து, தக்கையை மது நனைக்கும்படி விடுகிறார்கள். ஜொகூரில் காற்றின் ஈரப்பதத்திற்குக் குறைவில்லை. இங்கே தொல்லை மேலட்டையில் பூக்கும் பூஞ்சணம்தான். எனினும் ஐஸ்பெட்டிக்குள்ளும், நாள் முழுதும் ஏர்கோன் ஓடும் அறையிலும் காற்று வறண்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நிலவறை இருந்திருந்தால்?

"நம் வீட்டில் நிலவறை இல்லையே, அதுதான் குறை" என்று நானும் முதலில் நினைத்தேன். பிரான்சில் ஷாம்பெய்ன் வட்டாரத்தின் ரான்ஸ் நகரில் சுண்ணப்பாறையைக் குடைந்த நிலவறைகளில் ஆண்டு முழுதும் ஏறக்குறைய 10 முதல் 12 பாகை வரைதான் இருக்கும். அங்கே குளிரூட்டும் இயந்திரம் தேவையில்லை. அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது?

மண்ணில் சில மீட்டர் ஆழத்திற்குக் கீழே பகல், இரவு, கோடை, குளிர்காலம் என்ற வேறுபாடு எட்டுவதில்லை. அங்கே நிலவும் வெப்பம் அவ்வூரின் ஆண்டுச் சராசரி வெப்பத்திற்கு நெருக்கமானது. ரான்ஸ் நகரின் சராசரி ஏறக்குறைய 11 பாகை. ஆகவே நிலவறையும் அதே அளவு. நிலவறை குளிரை உண்டாக்குவதில்லை. அந்த ஊரின் சராசரியை மாறாமல் காக்கிறது, அவ்வளவே.

ஜொகூரின் ஆண்டுச் சராசரியோ ஏறத்தாழ 27 பாகை. கூலாயிலோ குளுவாங்கிலோ வீட்டின் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கிடைப்பது 27 பாகை நிலவறைதான். மழைக்காலத்தில் அதில் தண்ணீரும் நிற்கும்! ஆக, நிலவறை இல்லாதது நம் குறையன்று. நிலவறை என்ற வழியே குளிர்நாட்டிற்கு உரியது.

நம் முன்னோர் அறிந்தது

மண்ணில் புதைத்து வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பாரியின் நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்று 120ஆம் பாட்டில், நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைப் புல் வேய்ந்த குடிசைதோறும் பகிர்ந்து தரும் காட்சி வருகிறது. மலைநாட்டார் மூங்கில் குழாயில் தேன்கள்ளை முதிரவைத்ததை மலைபடுகடாம் சொல்கிறது. புதைத்த மண் குளிரைத் தந்திருக்காது. ஆனால் இருட்டையும், மாறாத வெப்பத்தையும், மூடிய காப்பையும் தந்திருக்கும். மேலே சொன்ன நான்கு பகைவரில் இருவரையாவது அது தடுத்திருக்கும்.

திராட்சை மதுவும் தமிழகத்திற்கு அன்றே வந்தது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டு, யவனர் கொண்டுவந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தருவதைக் கூறுகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்விலும், மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா எனப்படும் இரு கைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. பல சாடிகளில் வந்தது திராட்சை மது. குறுகிய கழுத்தும், உட்புறம் பூசிய பிசினும் காற்றைத் தடுக்கத்தான். கடலும் வெயிலும் தாண்டி வந்த அந்த மதுவைக் காப்பது அன்றைய வணிகர்க்கும் பெரிய கவலையாகவே இருந்திருக்கும்.

நம் தோட்டப்புறக் கள்ளின் கதை வேறு. அதை வைத்திருக்கவே முடியாது. பாளையிலிருந்து வடியும் சாற்றில் இயற்கையான நொதி விழுந்து சில மணி நேரத்தில் போதை ஏறும், மறுநாள் காடியாகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதி வளராது. அப்போது கிடைப்பது பதநீர். அன்றே விற்று அன்றே குடிக்க வேண்டிய பொருள் என்பதால், தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. அன்றாடக் கூலியும் அங்கேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினரும் அதற்காகப் போராடினர். குடிக்காத அப்பா, தாம் குடிக்கப்போகாத ஒரு போத்தலை எட்டு ஆண்டு காத்ததை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். அன்றன்றைக்குக் கரைத்துவிடாமல், ஒரு நல்ல நாளுக்காக ஒன்றை எடுத்து வைக்க முடியும் என்பதே அவருக்குப் பெருமை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. நெடுநாள் வைக்காதீர்கள். 'பழசாக ஆக மதிப்பு' என்பது எல்லா மதுவுக்கும் பொருந்தாது. கடைகளில் விற்கப்படும் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டில் அருந்துவதற்கென்றே செய்யப்படுபவை. அவை பழசானால் பழசுதான்.

2. சில மாதங்களுக்கு என்றால், வீட்டிலேயே வெப்பம் குறைந்து, மாறாமல், இருட்டாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். மாடிப்படியின் அடிப்பகுதி, கீழ்த்தள உள்ளறையின் அலமாரி ஆகியவை ஏற்றவை. அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் சுற்றி வைத்தால் ஒளி படாது. வெப்பமும் சட்டென்று மாறாது. அடுப்பங்கரை, ஐஸ்பெட்டியின் மேற்புறம், மேற்கு வெயில் படும் சுவர், கூரைக்கு நெருங்கிய மேல்தட்டு ஆகியவை ஆகாதவை. வெயிலில் நிற்கும் காரில் ஒரு மணி நேரம்கூட வேண்டாம்.

3. சாதாரண ஐஸ்பெட்டி ஏறக்குறைய 4 பாகை. இது தேவைக்கு அதிகமான குளிர், காற்றும் வறண்டது. ஆனாலும் சில மாதங்களுக்கு, 30 பாகை அலமாரியைவிட இதுவே மேல். திருகு மூடியுள்ள போத்தலுக்குத் தக்கைக் கவலையும் இல்லை, நிமிர்த்தியே வைக்கலாம்.

4. இரவில் மட்டும் ஏர்கோன் ஓடும் படுக்கையறை நல்ல இடம்போல் தோன்றும். தினமும் ஏறி இறங்கும் வெப்பம் அங்கேதான் அதிகம்.

5. ஆண்டுக்கணக்கில் வைக்க வேண்டுமானால், அதற்கென்றே உள்ள குளிர்பெட்டி தவிர வேறு வழியில்லை. அதிலும் இரு வகை உண்டு. விலை குறைந்த மின்வெப்ப வகை, சுற்றுப்புறத்தைவிட 10 முதல் 15 பாகை வரைதான் குறைக்கும். 33 பாகை அறையில் 12 பாகையை அது எட்டாது. நம் நாட்டிற்கு அமுக்கி பொருத்திய வகையே பயன்படும்.

6. திறந்த போத்தலை மூடி ஐஸ்பெட்டியில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். எஞ்சியதைச் சிறு போத்தலில் விளிம்பு வரை நிரப்பினால் காற்றுக்கு இடமிருக்காது.

வெப்பத்திற்கு அஞ்சாத திராட்சை மதுவும் ஒன்று உண்டு. போர்த்துக்கல்லின் மதெய்ரா தீவு மது, பண்டைய கப்பல்களின் அடித்தளத்தில் நிலநடுக்கோட்டைக் கடந்து வெந்து திரும்பியபோது சுவை கூடியிருந்ததாம். பின்னர் தீவிலேயே அதை 45 முதல் 50 பாகைச் சூட்டில் மாதக்கணக்கில் வைக்கத் தொடங்கினர். ஏற்கனவே வெந்ததை நம் வெயில் என்ன செய்யும்? மாமா அன்று அதை வாங்கி வந்திருக்கலாம்!

அலமாரியின் கீழ்த்தட்டு

இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்ப பூட்டி வச்சது தப்பில்ல, வச்ச இடம்தான் தப்பு" என்றார். சரியாகச் சொன்னார். நம்மில் பலர் வீட்டில் கண்ணுக்குத் தெரியும் இடத்தையே பாதுகாப்பான இடம் என்று நினைக்கிறோம். திருடனுக்கு எதிராகப் பூட்டுகிறோம். வெப்பத்துக்கு எதிராகப் பூட்டு இல்லை.

அப்போதுதான் அந்த அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்தேன். அப்பாவின் நீரிழிவு மாத்திரைகளும், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அங்கேயே இருந்தன. உறையில் '30 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்கவும்' என்று அச்சடித்திருந்தது. பிற்பகலில் அந்தத் தட்டில் 33 பாகை. போத்தலைக் கெடுத்த அதே வெப்பம்தான். போத்தல் கெட்டால் வாடையில் தெரிந்துவிடும். மாத்திரை கெட்டால் யாருக்குத் தெரியும்?

அன்றே டப்பாவைப் படிக்கட்டின் அடியிலுள்ள சிறு அலமாரிக்கு மாற்றினோம். வெப்பமானியையும் அங்கேயே வைத்தேன். பிற்பகலிலும் 29ஐத் தாண்டவில்லை. உங்கள் வீட்டில் மதுப் போத்தல் இருக்கிறதோ இல்லையோ, மாத்திரை டப்பா நிச்சயம் இருக்கும். இந்த விடுமுறையில் வீடு திரும்பும்போது அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

நான் பட்டம் பெறும் நாளுக்கு மாமா இன்னொரு போத்தல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முதல் நாள் வாங்கினால் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார்.