அசையாத இலத்திரன்களும் தடையற்ற மின்னோட்டமும்

மின்சாரத்தைச் சற்றும் தடையின்றிக் கடத்தும் பொருள் மீகடத்தி எனப்படும். 1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கமர்லிங் ஒன்னஸ் இரசத்தை ஏறத்தாழ மறை 269 பாகை செல்சியசுக்குக் குளிர்த்தியபோது முதன்முதலாக வெளிப்பட்ட இப்பண்பு, நெடுங்காலம் உலோகங்களுக்கும் அவற்றின் கலவைகளுக்கும் உரியதாகவே பெரிதும் கருதப்பட்டது. 1986இல் சூரிச்சில் பெட்நோர்ஸ், முல்லர் என்ற இருவர், லந்தனம், பேரியம், செம்பு, ஒட்சிசன் ஆகியவை சேர்ந்த, மட்பாண்டத்தை ஒத்த பொருளொன்றில் அதனைக் கண்டபோது, வெப்பநிலை உயர்ந்திருந்தது மட்டுமன்றி, அப்பொருளின் மூலச் சேர்வை மின்னைக் கடத்தாத காவலி என்பதும் பௌதிகவியலாளரைத் திகைக்கவைத்தது.

அது காவலியாக இருப்பதன் காரணம் எளிது. இறக்காமத்துப் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்கு ஸஃப்கள் எனும் வரிசைகள் இடைவெளியின்றி நிறைந்திருக்கையில் எவரும் நகர முடியாததைப் போல, ஒவ்வொரு செம்பு அணுவிடத்தும் ஓர் இலத்திரன் நிற்க, ஒன்றையொன்று தள்ளும் அவை ஓரிடத்தில் இரண்டாகச் சேர மறுப்பதால் மின்னோட்டம் நிகழ்வதில்லை. ஒருவர் விலகினாலோ, பின்னால் நிற்பவர் முன்னேறி அவ்விடத்தை நிரப்ப, வெற்றிடம் பின்னோக்கிப் பயணிக்கிறது. வேற்று அணுக்களைக் கலந்து இலத்திரன்களைக் குறைக்கும்போது நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே.

1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த மாநாடொன்றில் பௌதிகவியலாளர் பிலிப் அண்டர்சன் முன்வைத்த கருத்து, இந்தக் காவலியையே மீகடத்தியின் கருவறையாகக் கண்டது. பென்சீன் மூலக்கூறில் ஒற்றை, இரட்டைப் பிணைப்புகளை ஓரிடத்தில் நிலைநிறுத்த முடியாததைப் போலவே, அயல் இலத்திரன்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியுடன் சோடிசேர்ந்து, யாரோடு யார் என்பது நிலையாகாமல் இருக்கின்றன என்பதே அவருடைய பரிவு வலுவளவுப் பிணைப்புக் கோட்பாடு. சோடிகள் ஏற்கெனவே இருப்பதால், வெற்றிடங்கள் தோன்றியதும் அவை ஓடத் தொடங்குகின்றன.

அக்காலத்தில் பிரின்ஸ்டனில் அவருடன் பணியாற்றியவர் தமிழகத்தின் கணபதி பாஸ்கரன். பின்னர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் ஆய்வுசெய்தவர்; 1990இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றவர். பாஸ்கரன், ஸூ, அண்டர்சன் மூவரும் 1987இல் வெளியிட்ட கட்டுரை, சொல்லோவியமாக இருந்த அக்கருத்தைக் கணக்கிடத்தக்க சமன்பாடுகளாக்கியது. அதன் விளைவு வியப்பானது: இலத்திரனின் மின்னேற்றமும் தற்சுழற்சியும் தனித்தனித் துணிக்கைகளாகப் பிரிந்து உலவலாம். தனி இலத்திரனை எவராலும் உடைக்க முடியாது. கோடானுகோடி இலத்திரன்கள் கூடி வாழும் இடத்திலேயே இது இயல்கிறது. இக்கோட்பாட்டை ஏற்காதோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர்.

பாஸ்கரன் 2002இல் இதே பார்வையைக் காரீயத்தின் (கிராபைற்றின்) பக்கமும் திருப்பினார். போகலைச் சுரங்கத்தால் இலங்கையருக்கு நன்கு அறிமுகமான அக்கனியம், தேன்கூடு போன்ற கரியணுப் படலங்களின் அடுக்காகும். அங்கும் சோடிப் பிணைப்பு மீகடத்துதலுக்குத் துணைசெய்யும் என்பது அவர் கணிப்பு. தனிப்படலத்தில் அது இன்னும் உறுதியாகவில்லை. ஆயினும், 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர் இரு படலங்களை ஏறத்தாழ 1.1 பாகை முறுக்கி அடுக்கியபோது அவை மீகடத்தியாயின. அந்நிலைக்கு அருகிலேயே மின்னோட்டம் தடைப்பட்ட காவலி நிலையொன்றும் தென்பட்டது.