உயிர்பிழைப்புப் போட்டியில் உத்தியும் ஆட்டத்திறன் மதிப்பீடும்: அமெரிக்கச் ‘சர்வைவர்’ நிகழ்ச்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ரியாலிட்டி நிகழ்ச்சிகளுள் நெடுங்காலமாக நீடித்துவரும் ‘சர்வைவர்’ போட்டியில், சிறந்த ஆட்டக்காரர் எனப் பார்வையாளர் கருதும் ஒருவரை நடுவர்குழு தோற்கடிப்பதைப் பலமுறை காணமுடிகிறது. இம்முரணை நடுவர்களின் மனக்கசப்பு எனக் கூறி ஒதுக்குவது வழக்கமாக உள்ளது. இருதரப்பினரும் வெவ்வேறு சான்றுகளைக் கொண்டு தீர்ப்பளிக்கின்றனர் என்பதையும், அவ்வேறுபாடு போட்டியின் விதியமைப்பிலேயே உறைந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சர்வைவர், கூட்டணி, விலக்குரிமை, மறைசின்னம், நடுவர்குழு, ஆட்டத்திறன்.

முன்னுரை

பிரித்தானியரான சார்லி பார்சன்ஸ் வகுத்த வடிவம் 1997இல் சுவீடனில் ‘எக்ஸ்பெடிஷன் ராபின்சன்’ என்னும் பெயரில் முதன்முதலாக நிகழ்ச்சியாக்கப்பட்டது. அதன் அமெரிக்க வடிவமான ‘சர்வைவர்’, 2000ஆம் ஆண்டு மே 31 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. மலேசியாவின் சபா மாநிலத்தைச் சேர்ந்த புலாவ் தீகா தீவில் 16 பேர் 39 நாள்கள் வாழ்ந்தனர். பரிசுத்தொகை 10 இலட்சம் டாலர். அவ்வாண்டு ஆகஸ்டு 23இல் ஒளிபரப்பான இறுதிப் பகுதியை 5 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர். இவ்வடிவம் 2021இல் அர்ஜுன் தொகுத்து வழங்க, சான்சிபாரில் படமாக்கப்பட்டு, ஜீ தமிழ் தொலைக்காட்சி வழியாகத் தமிழுக்கும் வந்தது. எனினும் உத்திகள் படிப்படியாக வளர்ந்த வரலாற்றைத் தொடர்ச்சியாகக் காண ஏற்றது அமெரிக்கத் தொடரே ஆதலின், இக்கட்டுரை அதனையே தரவாகக் கொள்கிறது.

போட்டியின் அடிப்படை எளியது. இரு குழுக்களாகப் பிரிந்த போட்டியாளர் உடல்திறன் சார்ந்த சவால்களில் மோதுவர். தோற்ற குழு தன் உறுப்பினர் ஒருவரை வாக்களித்து வெளியேற்ற வேண்டும். பின்னர்க் குழுக்கள் இணைக்கப்படும். அதன்பின் சவாலில் வென்றவருக்கு மட்டும் அன்றைய வாக்கெடுப்பிலிருந்து விலக்குரிமை உண்டு. இறுதியில் எஞ்சும் இருவருள் அல்லது மூவருள் வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பது, பிற்பகுதியில் வெளியேற்றப்பட்டோரைக் கொண்ட நடுவர்குழு. இக்கடைசி விதியே பிற விதிகள் அனைத்தின் பொருளையும் மாற்றிவிடுகிறது. சதுரங்கத்தில் வெட்டுண்ட காய் திரும்பிவந்து யார் வென்றார் எனச் சொல்வதில்லை, இங்கே சொல்கிறது.

கூட்டணியின் தோற்றம்

இன்று கூட்டணி இல்லாத சர்வைவரைக் கற்பனை செய்ய இயலாது. முதல் பருவத்திலோ அது ஒழுக்கக்கேடாகவே பலருக்குத் தோன்றியது. மருத்துவரான ஷான் கெனிஃப் யாருக்கும் தீங்கிழைக்காதிருக்க எண்ணி, சக போட்டியாளரின் பெயர்களை ஆங்கில அகரவரிசைப்படி எடுத்து வாக்களித்தார். அவருடைய நடுநிலைமை யாரையும் காக்கவில்லை. அவர் வாக்கு எங்கே விழும் என்பது முன்னரே தெரிந்திருந்தமையால், ரிச்சர்ட் ஹேட்ச், ரூடி போஷ், சூசன் ஹாக், கெல்லி விகிள்ஸ்வொர்த் ஆகிய நால்வர் கூட்டணி அதனைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. பிறர் தனித்தனியே சிந்திக்கும் அவையில் சேர்ந்து சிந்திக்கும் நால்வரே பெரும்பான்மை என்பதை ஹேட்ச் முதலில் உணர்ந்தார்.

அவருடைய ஆட்டத்தின் உச்சம் கூட்டணியன்று; இறுதி விலக்குரிமைச் சவாலில் தாமே விலகியதாகும். எஞ்சியிருந்த மூவரும் ஒரு சின்னத்தின்மேல் கைவைத்து நிற்க வேண்டியிருந்தது. ஹேட்ச் வென்றிருந்தால் இரு வழிகளே அவருக்கு இருந்தன. ரூடியை அழைத்துச் சென்றால் அனைவரும் மதித்த அம்முதியவரிடம் நடுவர்குழுவில் தோற்பார். ரூடியை வெளியேற்றினால் வாக்குத் தவறியவராகி அவருடைய வாக்கை இழப்பார். தோற்றாலோ இரு சிக்கலும் இல்லை. ரூடி வென்றால் கொடுத்த சொல்லுக்காக ஹேட்சை அழைத்துச் செல்வார். கெல்லி வென்றால் ரூடியைவிட ஹேட்சை வெல்வது எளிது என எண்ணி அழைத்துச் செல்வார். ஹேட்ச் கையை எடுத்தார். கெல்லி வென்று ரூடியை வெளியேற்றினார். நடுவராக அமர்ந்த ரூடி ஹேட்சுக்கு வாக்களித்தார். முடிவு 4-3.

இதனைப் பிழையற்ற கணக்கீடு என வியப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நடுவருள் ஒருவரான கிரெக், இருவரையும் 1 முதல் 10 வரையுள்ள எண்ணொன்றைச் சொல்லச் செய்து, தாம் நினைத்த 9க்கு நெருங்கிய 7ஐச் சொன்ன ஹேட்சுக்கு வாக்களித்தார். ஒரே வாக்கு வேறுபாட்டில் முடிந்த போட்டி அது. உத்தியின் வரலாற்றைத் தொடங்கிவைத்த வெற்றி, ஓர் எண்ணின்மீதும் சாய்ந்து நின்றது.

யாரை அழைத்துச் செல்வது?

இறுதி விலக்குரிமையை வென்றவர் எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் தருணம் ஆட்டக் கோட்பாட்டாளருக்கு எளிய கணக்கு. எந்த எதிராளிக்கு எதிராக வெற்றிவாய்ப்பு மிகுதியோ அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2001இல் ஒளிபரப்பான ஆஸ்திரேலியப் பருவத்தில், அடுத்தடுத்து ஐந்து தனிநபர் விலக்குரிமைகளை வென்ற கோல்பி டொனால்ட்சன், பலருக்கும் பிடிக்காத கீத் ஃபாமியை விடுத்து டீனா வெசனை அழைத்துச் சென்றார். 4-3 எனத் தோற்றார். 2014ஆம் ஆண்டின் ககாயன் பருவத்தில் வூ ஹ்வாங், காஸ் மெக்குவிலனை வெளியேற்றி டோனி விலாகோசை அழைத்துச் சென்றார்; 8-1 எனத் தோற்றார்.

இரண்டும் ஒரே பிழை எனத் தொகுத்துக் கூறுவது வழக்கம். அத்தொகுப்பு முழுமையாக ஏற்கத்தக்கதன்று. ஒரு வாக்கு மாறியிருந்தால் கோல்பி வென்றிருப்பார். தகுதியுடையவரை எதிர்கொண்டவர் என்னும் மதிப்பும் உடன் வந்திருக்கும். வூ எதிர்கொண்டதோ அப்பருவத்தின் பெரும்பாலான திருப்பங்களை நிகழ்த்திய ஒருவரை. கோல்பி ஓர் இடரை ஏற்றார். வூ ஏறத்தாழ முடிந்துபோன முடிவை ஏற்றார். எனினும் இருவரும் தற்காப்புக்கலையோ தன்மதிப்போ சார்ந்த ஒரு நெறியைப் பரிசுத்தொகைக்கு மேலாக வைத்தனர் என்பதை மறுக்க முடியாது. அதனைத் திறமைக்குறைவு என்று மட்டும் பெயரிடுவது, போட்டியாளர் அனைவரும் பரிசொன்றையே நாடுகின்றனர் என்னும் சோதிக்கப்படாத ஊகத்தின்பாற்பட்டது.

மறைசின்னமும் எண்ணிக்கையின் சிதைவும்

2005ஆம் ஆண்டின் குவாத்தமாலாப் பருவத்தில் மறைத்துவைக்கப்பட்ட விலக்குரிமைச் சின்னம் அறிமுகமாயிற்று. கண்டெடுத்தவர் உரிய நேரத்தில் அதனைப் பயன்படுத்தினால் ஒருவருக்கு எதிரான வாக்குகள் செல்லாதவையாகும். இன்று வழங்கும் முறைப்படி, வாக்களிப்பு முடிந்து எண்ணிக்கை தொடங்குமுன் அதனை எடுத்துக்காட்ட வேண்டும். இது சிறுபான்மையினருக்கு வழங்கப்பட்ட கேடயம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் ஆழ்ந்த விளைவு பெரும்பான்மையின் உள்ளே நிகழ்ந்தது.

ஒன்பது பேர் எஞ்சியுள்ளனர் எனவும் அவருள் அறுவர் ஒரு கூட்டணி எனவும் கொள்வோம். சின்னம் பற்றிய ஐயமில்லாத நிலையில் அறுவரும் ஒருவருக்கு எதிராகவே வாக்களிப்பர். கூட்டணியில் ஒருவர் துரோகம் செய்து எதிரணியின் மூவருடன் சேர்ந்தாலும் எண்ணிக்கை 5-4, கூட்டணி பிழைக்கும். எதிரணியில் ஒருவரிடம் சின்னம் இருக்கலாம் என்னும் ஐயம் எழுந்தால், அறுவரும் மூன்று மூன்றாகப் பிரிந்து எதிரணியின் இருவருக்கு எதிராக வாக்களிப்பர். ஒருவர் சின்னத்தைப் பயன்படுத்தினாலும் மற்றவருக்கு விழுந்த மூன்று வாக்குகள் நிற்கும். சமநிலை ஏற்பட்டால் மறுவாக்கெடுப்பில் கூட்டணி வெல்லும். இவ்வுத்தி வெளித்தாக்குதலைத் தாங்கும். ஆனால் இப்போது ஒரே ஒருவர் மாறினாலும் எதிரணிக்கு 4, பிரிந்த கூட்டணிக்கு 3, 2. கூட்டணி உறுப்பினர் ஒருவரே வெளியேறுவார். யாரும் கண்டெடுக்காத சின்னம்கூட, அது இருக்கலாம் என்னும் அச்சத்தாலேயே, ஒவ்வொரு கூட்டாளியின் நம்பகத்தன்மைக்கும் விலையை உயர்த்திவிட்டது.

2010ஆம் ஆண்டின் ‘நாயகர் - எதிர்நாயகர்’ பருவம் இதற்கு நேர்ச்சான்று. அதற்கு முந்தைய ஆண்டு டோகான்டின்ஸ் பருவத்தில் 7-0 என வென்றவர் ஜே.டி. தாமஸ், பிறர் எளிதில் நம்பும் இயல்பே அவர் வலிமை. எதிரணியில் பெண்கள் கூட்டணியொன்று ஆட்சி செய்கிறது என நம்பிய அவர், அதனிடமிருந்து தப்பிக்கட்டும் என்று ரசல் ஹாண்ட்சுக்குத் தம் சின்னத்தைக் கடிதத்துடன் கொடுத்தார். ரசல் அதனைப் பார்வதி ஷாலோவிடம் கொடுத்தார். குழுக்கள் ஐவர்க்கு ஐவராக இணைந்தபின் நடந்த முதல் வாக்கெடுப்பில் பார்வதி, தம்மிடமிருந்த சின்னத்தையும் இதனையும் தமக்கெனப் பயன்படுத்தாமல் தோழியர் இருவருக்கு அளித்தார். நாயகர் அணியின் வாக்குகள் வீணாயின; வெளியேறியவர் ஜே.டி. முந்தைய பருவத்தில் வெற்றி தந்த அதே இயல்பு இங்கே வீழ்ச்சி தந்தது. ‘திறன்’ என்பது ஆட்டக்காரருக்குள் இருக்கும் நிலையான பொருள் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

சின்னங்கள் பெருகியபோது நிலைமை வேடிக்கையாகவும் மாறியது. 2017இல் அறுவர் எஞ்சிய வாக்கெடுப்பொன்றில் ஏனைய ஐவரும் ஏதோவொரு விலக்குரிமையால் காக்கப்பட, சிரி ஃபீல்ட்ஸ் தம்மீது ஒரு வாக்கும் விழாமலேயே வெளியேறினார். தவறென்று சுட்டிக்காட்டத்தக்க எதையும் அன்று அவர் செய்யவில்லை.

பார்வையாளர் அறிவதும் நடுவர் அறிவதும்

2009ஆம் ஆண்டின் சமோவாப் பருவமே இம்மதிப்பீட்டுச் சிக்கலின் மையம். இணைப்பின்போது எட்டுக்கு நான்கு எனத் தாழ்ந்திருந்த சிறு அணி இறுதிவரை முன்னேறியது. குறிப்புகளே இன்றிச் சின்னங்களைக் கண்டெடுத்த ரசல் ஹாண்ட்ஸ் அம்முன்னேற்றத்தின் நாயகராகத் திரையில் தோன்றினார். நடுவர்குழு 7-2 என நாட்டலி ஒயிட்டைத் தேர்ந்தெடுத்தது. அநீதி என்னும் குரல் பரவலாக எழுந்தது.

திரையில் ரசல் பெற்ற இடம் எவ்வாறு உருவானது என்பது கருதத்தக்கது. 39 நாள் வாழ்க்கை ஏறத்தாழப் பதினைந்து மணிநேர ஒளிபரப்பாகச் சுருக்கப்பட்டது. ஒளிப்பதிவுக் கருவியின்முன் போட்டியாளர் தனியே அமர்ந்து தம் திட்டத்தை விளக்கும் பகுதிகளே கதைக்கு முதுகெலும்பு. அழகாகத் திட்டம் சொல்பவர் திட்டமிடுபவராகப் பதிவாகிறார். நடுவர்கள் இப்பகுதிகளைக் காண்பதில்லை. அவர்களிடம் இருப்பது சேர்ந்து பசித்திருந்த நாள்களின் நினைவும், ஒருவர் தம்மிடம் பேசிய விதமும் மட்டுமே. எதிரணிப் பெண்களிடம் பேசி அவர்தம் அணித்தோழரான எரிக்கை முதலில் வெளியேற்ற இசைவித்தவர் நாட்டலி. சிறு அணியின் பிழைப்புக்கு வித்திட்ட அச்செயல் ஓர் உரையாடல். தோண்டியெடுத்த சின்னம்போல் அது காட்சிக்கு ஏற்றதன்று.

அடுத்த பருவத்திலும் இறுதிக்கு வந்த ரசல் ஒரு வாக்கும் பெறவில்லை. 6-3-0 என வென்றவர் சாண்ட்ரா டயஸ்-ட்வைன். 2003ஆம் ஆண்டின் முத்துத் தீவுகள் பருவத்திலும் அவரே 6-1 என வென்றிருந்தார். இருமுறை வென்ற இவர் அவ்விரு பருவங்களிலும் தனிநபர் விலக்குரிமை ஒன்றையும் வென்றதில்லை. வெற்றிகளை எண்ணி அட்டவணையிடும் மதிப்பீட்டு முறைகள் அனைத்தும் சாண்ட்ராவிடம் வந்து தடுமாறுகின்றன. அடுத்து வெளியேற வேண்டியவர் வேறொருவர் என ஏனையோர் எப்போதும் கருதும்படி வாழ்ந்தமை அவர் திறன். நடுவராகப்போகிறவரை ஏமாற்றுவதும் அவமதிப்பதும் ஒன்றல்ல என்பதை அவர் அறிந்திருந்தார். முன்னதை நடுவர்குழு பலமுறை மன்னித்துள்ளது, பின்னதை அரிதாகவே.

கைவிடப்பட்ட விலக்குரிமை

விலக்குரிமையைக் கைவிடும் செயலின் மதிப்பு காலந்தோறும் மாறிவந்துள்ளமை தனியே நோக்கத்தக்கது. ஹேட்ச் அதனை வெல்லாமலேயே விட்டார். 2008ஆம் ஆண்டின் மைக்ரோனேசியப் பருவத்தில் எரிக் ரைக்கன்பாக், நடுவர்களின் நன்மதிப்பைப் பெறலாம் என்னும் பேச்சில் மயங்கித் தாம் வென்ற விலக்குரிமையை நாட்டலி போல்டனுக்கு அளித்து அன்றிரவே வெளியேறினார். அவர் நம்பிய வாதம் பிழையன்று. அதனை அவரிடம் சொன்னவர்கள் யார் என்பதைத்தான் அவர் எண்ணிப்பார்க்கவில்லை.

2017 முதல், நால்வர் எஞ்சும் கட்டத்தில் வாக்கெடுப்புக்கு மாற்றாக, விலக்குரிமை வென்றவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல, மற்ற இருவரும் தீமூட்டும் போட்டியில் மோதும் விதி வந்தது. 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் கிறிஸ் அண்டர்வுட் எட்டாம் நாளில் வாக்களித்து வெளியேற்றப்பட்டு, வெளியேறியோர் வாழ்ந்த தனித்தீவில் தங்கி, 35ஆம் நாளில் ஆட்டத்துக்குத் திரும்பினார். இறுதி விலக்குரிமையை வென்றதும் அதனைத் தாமே கழற்றிக் கொடுத்துவிட்டு, வெல்லக்கூடியவராகக் கருதப்பட்ட ரிக் டெவன்சைத் தீமூட்டும் போட்டிக்கு அழைத்து வென்றார். ஆட்டத்தில் அவர் இருந்தது 13 நாள்களே. ஏனைய நாள்களில் பசியையும் மழையையும் அவர் பகிர்ந்துகொண்டது பின்னர் நடுவர்களாக அமர்ந்தோருடன். அவர்கள் 9-4-0 என அவரைத் தேர்ந்தெடுத்தனர்.