பிளான் அப்ரூவல் இல்லாமல் மாடி எழுப்பியாச்சா? நோட்டீஸ் வரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மருமகன் வந்தால் தங்க மாடியில் ஓர் அறை வேண்டும். கொத்தனாரிடம் பேசியாயிற்று. சென்ட்ரிங் பலகையும் கம்பியும் வாசலில் வந்து இறங்கிவிட்டன. ‘பிளான் அப்ரூவல் வாங்கியாச்சா?’ என்று யாராவது கேட்டால், ‘நம்ம இடம், நம்ம வீடு. யாரு கேக்கப் போறா?’ என்பதுதான் பதில்.

பன்னீர் திராட்சைப் பந்தலும் நெல் வயலும் சூழ்ந்த தேனி மாவட்டம் காமயகவுண்டன்பட்டியில் மட்டுமல்ல, எந்தப் பேரூராட்சியிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. கேட்க ஆள் வரும்போது நிலைமை வேறு. வீட்டை விற்க, அடமானம் வைக்க, மின் இணைப்பைக் கூட்டப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அந்த வரைபடம்தான். பக்கத்து வீட்டாரோடு சுவர்த் தகராறு வந்தால், முதல் புகாரும் அதைப் பற்றித்தான்.

வரி ரசீது போதுமா?

‘வீட்டு வரி கட்டுறோம், கரன்ட் இருக்கு, குழாய் இருக்கு. அப்புறம் என்ன?’ என்று நினைப்பவர்கள் அதிகம். வரி ரசீது என்பது வரி கட்டியதற்கான சான்று மட்டுமே. கட்டட அனுமதிக்கு அது ஈடாகாது.

‘இருபது வருஷமா யாரும் ஒண்ணும் சொல்லல’ என்பதும் நிற்காது. அனுமதியில்லாத கட்டடம், காலம் கடந்துவிட்டது என்பதாலோ, பணம் நிறையச் செலவழித்துவிட்டோம் என்பதாலோ, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்பதாலோ சட்டப்படியானதாக ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-ம் தேதி தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டடப் பணி நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும், மின்சாரம், குடிநீர் இணைப்புகள் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி ஏறி இறங்கினால் கேரளம். அங்கே கொச்சியை அடுத்த மரடுவில், ஏரிக்கரையோரம் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. உள்ளூர்ப் பஞ்சாயத்து அனுமதி கொடுத்திருந்தது. ஆனால், கடலோர ஒழுங்குமுறை விதிப்படி வாங்க வேண்டிய ஒப்புதல் வாங்கப்படவில்லை. 2019 மே 8-ம் தேதி அவற்றை இடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கிய 300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. இடைக்கால இழப்பீடாக நீதிமன்றம் சொன்னது தலா 25 லட்சம் ரூபாய்.

ஓர் அலுவலகத்தின் முத்திரை மட்டும் போதாது என்பதே இதில் உள்ள பாடம். கட்டப்போகும் மனை நஞ்சையா, ஓடை அல்லது கண்மாய்ப் புறம்போக்கா, மலையிடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட கிராமத்தில் வருகிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். நஞ்சையை மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டது... என்ன செய்வது?

முதலில், மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-ம் தேதிக்கு முன் உருவான மனைகளுக்கே அந்த வாய்ப்பு.

அடுத்தது கட்டடம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 113-சி பிரிவில் வரும் வரன்முறை, 2007 ஜூலை 1-ம் தேதிக்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு உரியது. பிந்தைய கட்டடங்களுக்கு அந்தக் கதவு இல்லை. விதிக்குள் அடங்கும் பகுதிக்கு அனுமதி கேட்பதும், பக்கத்தில் விட வேண்டிய காலியிடத்தை விழுங்கிய பகுதியைத் தாமே அகற்றுவதும்தான் மிச்சமிருக்கும் வழி. பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகும் முன், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை வைத்து வீட்டை அளந்து, இருப்பதை இருக்கிறபடி வரைந்து வாங்கிக்கொள்வது நல்லது. எவ்வளவு மீறல் என்று தெரியாமல் பேசப் போனால் பயம்தான் மிஞ்சும்.

நோட்டீஸ் வந்துவிட்டால்...

வாங்க மறுப்பதும், பீரோவில் போட்டுப் பூட்டுவதும் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல் இடிக்கக் கூடாது, பதில் சொல்லக் குறைந்தது 15 நாட்கள் தர வேண்டும், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும், இடிப்பு உத்தரவு போட்ட பிறகும் 15 நாட்கள் பொறுக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 13-ம் தேதி உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் கட்டியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே, நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, கெடுவுக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். வேலை நடந்துகொண்டிருந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். ‘கான்கிரீட்டை மட்டும் போட்டுடுவோம்’ என்ற அவசரம், பிறகு இடிக்க வேண்டிய பாரத்தைத்தான் கூட்டும்.

இனி கட்டப்போகிறவர்களுக்கு

அலைச்சலுக்குப் பயந்து அனுமதியைத் தவிர்க்க வேண்டிய அவசியம் இப்போது குறைந்துவிட்டது. 2024 ஜூலை 22-ல் தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட வீட்டுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி அனுமதி பெறலாம். பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. ஆனால், தரும் தகவல் எல்லாம் உண்மை என்று உறுதிமொழி தருபவர் வீட்டுக்காரர். பொய்யென்றால் பொறுப்பும் அவருடையதே.

மகளுக்காக எழுப்பும் அந்த மாடி அறை, நாளை அவள் பெயருக்கே எழுதி வைக்கப்படலாம். பத்திரத்தோடு அனுமதி வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அவள் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியிருக்காது. கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேரூராட்சி அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வரலாமே!